கருத்த தோல், தாடையில் கெட்டி முடி: லேசருக்குப் போகும்முன் என்ன கேட்கணும்?

வைகைக்கரை (கேள்வி)

தங்கைக்கு 23 வயசு. தாடை ஓரத்துலயும் முகவாய்க்கு அடியிலயும் கருப்பா கெட்டி முடி. மேலுதட்டுல கொஞ்சம், கன்னத்துல வெறும் பூனைமுடி. நல்ல கருப்பு நிறம். பீரியட்ஸ் 40, 50 நாளைக்கு ஒருதடவைதான் வருது. இப்போ திரெட்டிங்லதான் ஓடுது.

விசாரிச்ச ஒரு இடத்துல, "ட்ரிபிள் வேவ்லென்த் டயோடு மெஷின், ஆறு சிட்டிங், நிரந்தரமா போயிடும்"னு சொல்றாங்க. கன்னத்தையும் சேர்த்து ஃபுல் ஃபேஸா எடுத்தா சலுகையாம். இந்த நிறத்துக்கு எந்த மெஷின் சரி? ஆறு போதுமா? கன்னத்தைச் சேர்க்கலாமா? முன்னாடி எதையெல்லாம் நிறுத்தணும்?

தோல்மருத்துவம்_எம்டி

கன்னத்தைச் சேர்க்காதீங்க. சலுகை கொடுத்தாலும், சும்மாவே கொடுத்தாலும் வேண்டாம்.

லேசர் தேடிப் போறது முடியில இருக்கிற மெலனினை. அது ஒளியை உறிஞ்சி சூடாகி, அந்தச் சூடு முடியோட வேர்ப்பையை அழிக்கணும். பூனைமுடியில மெலனின் ரொம்பக் கம்மி, தண்டும் மெல்லிசு. வேர் அழியுற அளவுக்குச் சூடு ஏறாது. அரைகுறைச் சூடு சில பேருக்கு வேரைத் தூண்டிவிட்டு, மென்மையா இருந்த முடியைக் கருப்பாக் கெட்டியா ஆக்கிடும். இது அதிகமா நடக்கிறது கருத்த தோல் உள்ள பெண்களோட முகத்துலயும் கழுத்துலயும்தான், அதுலயும் ஹார்மோன் கோளாறு இருக்கிறவங்களுக்கு. உங்க தங்கைக்கு அத்தனையும் பொருந்துது. கெட்டி முடி இருக்கிற இடத்துக்கு மட்டும் பென்சிலால எல்லை வரையச் சொல்லுங்க.

மெஷின் விஷயம். இந்த நிறத்துக்குப் பாதுகாப்பு அதிகம் உள்ளது 1064 நானோமீட்டர் லாங் பல்ஸ் (ஒவ்வொரு ஒளித்துடிப்பும் நீளமா வர்ற) என்டி-யாக் லேசர். மேல்தோல் மெலனின் இந்த அலைநீளத்தைக் குறைவா உறிஞ்சும், ஒளி ஆழமாவும் போகும். 800–810 டயோடும் செய்யலாம், ஆனா பல்ஸ் நீளமா இருக்கணும், குளிரூட்டும் முனை நல்லா வேலை செய்யணும். 755 அலெக்ஸாண்ட்ரைட் வெளுத்த தோலுக்கு அருமை, இவங்களுக்கு வேண்டாம். ட்ரிபிள் வேவ்லென்த்ல 755, 808, 1064 மூணு அலைநீளமும் கலந்து வரும். பல ஹேண்ட்பீஸ்ல (ஒளி அடிக்கிற கைப்பிடியில) 755 பங்கை மட்டும் அணைக்க முடியாது. அதனால தனி 1064 இருக்கான்னு கேளுங்க.

"எங்ககிட்ட என்டி-யாக் இருக்கு"ன்னு சொன்னாலும் அடுத்த கேள்வி கேளுங்க: லாங் பல்ஸா, க்யூ-ஸ்விட்ச்டா? கார்பன் பீலுக்கும் (முகத்துல கரி பூசி லேசர் அடிக்கிறது) டாட்டூ அழிக்கவும் வச்சிருக்கிறது க்யூ-ஸ்விட்ச்டு. அதோட பல்ஸ் நானோ செகண்ட். முடி வேரை நிரந்தரமா அழிக்க மில்லி செகண்ட் கணக்குல சூடு நிக்கணும். பேரு ஒண்ணுதான், வேலை வேற.

ஆறு சிட்டிங் ஆரம்பம்தான். ஒரு தடவையில வளர்ச்சிக் கட்டத்துல இருக்கிற முடிதான் அழியும். முகத்துக்கு 4–6 வார இடைவெளியில 6–8 தடவை, ஹார்மோன் கோளாறு இருந்தா அதுக்கு மேலயும். அப்புறம் வருஷத்துக்குச் சில பராமரிப்பு சிட்டிங். அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ-கூட "நிரந்தரமா முடி குறையும்"னு சொல்லத்தான் அனுமதிக்குது, "முடியே வராது"ன்னு இல்ல.

லேசர்_ரூம்

டாக்டர் சொன்னதுக்கு மேல, அறைக்குள்ள நடக்கிறதைச் சொல்றேன்.

நாலு வாரம் முன்னாடியே திரெட்டிங், வாக்ஸிங், பிளக்கிங் எல்லாம் நிறுத்தணும். வேரோட பிடுங்கிட்டா லேசருக்கு இலக்கே இருக்காது, காசு வீண். இடைப்பட்ட நாள்ல ஷேவ் அல்லது டிரிம் மட்டும். முந்தின நாள் ராத்திரி சுத்தமா ஷேவ். தோலுக்கு மேல முடி நீட்டிட்டு இருந்தா அது எரிஞ்சு, மேல்தோலைச் சுட்டு, புள்ளிப் புள்ளியாக் கருப்பு விழும். ட்ரெட்டினாயின், அடாபலின் மாதிரி பரு க்ரீம் பூசுறவங்க ஒரு வாரம் முன்னாடி நிறுத்தணும். பருவுக்குத் தர்ற டாக்ஸிசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டா மறைக்காம சொல்லணும். உதட்டோரம் அக்கி மாதிரி கொப்புளம் அடிக்கடி வர்றவங்களும் சொல்லணும், முன்கூட்டியே மாத்திரை தருவாங்க. மஞ்சள், மேக்கப், மை எதுவும் முகத்துல இருக்கக் கூடாது.

முதல் நாளே முழுசாச் செய்ய விடாதீங்க. தாடைக்கு அடியில நாலஞ்சு ஷாட் டெஸ்ட் பேட்ச் போட்டு, கருத்த தோலுன்னா ஒன்றிரண்டு வாரமாவது பார்க்கணும். கொப்புளம் மறுநாளே தெரிஞ்சிடும், கருமை மெதுவாத்தான் வரும்.

ஷாட் விழுந்து சில நிமிஷத்துல ஒவ்வொரு முடித்துளையைச் சுத்தியும் சின்னதா வீங்கணும், கொசு கடிச்ச மாதிரி. அதுதான் சரியான அறிகுறி. கருத்த தோல்ல சிவப்பு தெரியாது, விரலால தடவினாப் புடைப்பு தட்டுப்படும். அப்படி எதுவுமே வரலைன்னா பவர் பத்தலை. தோலே சாம்பலா, வெள்ளையா மாறினா உடனே நிறுத்தணும், அது சூட்டுக்காயம். முடி கருகுற வாசனை சகஜம். விட்டு விட்டு எரியற வலி உடனே அடங்கணும், அடங்காம நீடிச்சா சொல்லுங்க, பொறுத்துக்க வேண்டிய விஷயம் இல்ல.

கண் கவசம் அந்த அலைநீளத்துக்குன்னு இருக்கிறதா இருக்கணும். புருவத்துக்குக் கீழ கண்குழி எலும்புக்குள்ள யார் கேட்டாலும் ஷாட் போடக் கூடாது, கண்ணுக்குள்ள பாதிப்பு வரும். மச்சம் இருந்தா வெள்ளைப் பென்சிலால மறைச்சு விட்டுடணும்.

முடிஞ்சதும் ஐஸ் பேக், துணி சுத்தி வைக்கணும். ஒண்ணு ரெண்டு நாள் சுடுதண்ணி, ஆவி, ஸ்க்ரப் கூடாது. தினம் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்க்ரீன். ஒண்ணுலேர்ந்து மூணு வாரம் வரை முடி மேல வர்ற மாதிரி இருக்கும், அது வளர்றது இல்ல, உதிர்றது. பிடுங்காதீங்க.

நாளமில்லாச்சுரப்பி

பீரியட்ஸ் 50 நாள் தள்ளுதுன்னு சொல்லிட்டு எல்லாரும் மெஷின் பத்தியே பேசுறோம். முதல்ல ஹார்மோன், தைராய்டு, சர்க்கரை பார்க்கிற ரத்தப் பரிசோதனை. டோட்டல் டெஸ்டோஸ்டிரோன், எஸ்எச்பிஜி, டிஎச்இஏ-எஸ், டிஎஸ்எச், புரோலாக்டின், எச்பிஏ1சி. அதோட 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்ட்டிரோன், இதை மட்டும் மாதவிடாய் தொடங்கின 2–5ம் நாளுக்குள்ள, காலையிலேயே எடுக்கணும். தேவைப்பட்டா ஸ்கேன். பெரும்பாலும் பிசிஓஎஸ்தான் (சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு) இருக்கும். ஆனா சில மாசத்துக்குள்ள வேகமா முடி வளர்ந்திருந்தா, குரல் தடிச்சிருந்தா, நெத்தியோரம் வழுக்கை விழுந்தா, லேசரைத் தள்ளிவச்சிட்டு உடனே டாக்டரைப் பாருங்க.

ஹார்மோன் அப்படியே இருக்க, லேசர் மட்டும் செஞ்சா இருக்கிற முடி போகும், பக்கத்துப் பூனைமுடி புதுசா கெட்டியாகும். கருத்தடை மாத்திரைதான் வழக்கமா முதல்ல தர்றது. ஆறு மாசத்துல போதலைன்னா ஆண் ஹார்மோனோட வேலையைத் தடுக்கிற ஸ்பைரோனோலாக்டோன் சேர்ப்பாங்க. அதைச் சாப்பிடுறப்ப கர்ப்பம் தரிக்கவே கூடாது, ஆண் சிசுவைப் பாதிக்கும். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் மாதவிடாய்ச் சுழற்சியைச் சீராக்கலாம், முடி விஷயத்துல பெருசா எதிர்பார்க்காதீங்க.

வைகைக்கரை

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம். ஷேவ் பண்ணா முடி கெட்டியாகும்னு அம்மா விடவே மாட்டேங்குறாங்க. ஒளி அடிச்சு முடியைக் குறைக்கிற வீட்டு ஐபிஎல் மெஷின் வாங்கினா என்ன? இன்னொண்ணு, மருந்துக்கடையில கேட்டு வாங்கின ஒரு வெளுப்பு க்ரீமை ஒரு வருஷமா முகத்துல போடுறா. அதை லேசருக்கு எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்?

தோல்மருத்துவம்_எம்டி

ஷேவ் பண்றது தோலுக்கு மேல, வேர் உள்ள இருக்கு. வெட்டின நுனி மழுங்கலா இருக்கிறதால கையில குத்தும், அவ்வளவுதான். வீட்டு ஐபிஎல் இந்த நிறத்துக்கு வேண்டாம். பல மெஷின்ல தோல் நிறம் பார்க்கிற சென்சாரே ஃப்ளாஷ் அடிக்க விடாது. சென்சார் இல்லாதது அடிச்சு, சுட்டுடும்.

க்ரீம்தான் எனக்குக் கவலை. டியூபைத் திருப்பி, மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் இதுல எந்தப் பேராவது இருக்கான்னு பாருங்க. இருந்தா அது ஸ்டீராய்டு. நாள்பட முகத்துல போட்டா அதுவே முடி வளர வைக்கும், தோலையும் மெல்லிசாக்கும். அந்தத் தோல்ல லேசர் அடிச்சா எளிதாச் சுடும், கருமையும் விழும். பட்டுன்னு நிறுத்தினாலும் முகம் எரிஞ்சு சிவந்து பரு கிளம்பும். அதனால டியூபைக் கையோட எடுத்துட்டுப் போய்த் தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க, படிப்படியாக் குறைக்கிறதை அவர் சொல்வார். தோல் தேறுறதுக்குச் சில மாசம் ஆகலாம். அதுவரை டெஸ்ட் பேட்ச்கூட வேண்டாம், பேக்கேஜுக்கு முன்பணமும் கட்டாதீங்க. ரத்தப் பரிசோதனையை அந்த இடைவெளியில முடிச்சிடுங்க.