நூல் தொகுதியா, ஈடா? சாயமிட்ட நூலுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். திருப்புல்லாணிக்கும் பெரியபட்டினத்துக்கும் இடையில், கடலுக்கு நடை தூரத்தில், பருத்தி நூலுக்கும் பனையோலைக்கும் இயற்கைச் சாயம் ஏற்றும் சிறு பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். பட்டறை என்பதே சற்று மிகைதான். நான்கு அடுப்பு, நீலச் சாயத்துக்கு ஓர் அவுரித் தொட்டி, ஒரு கீற்றுக் கொட்டகை, கடல்பாசி எடுக்கப் போகாத நாட்களில் வேலைக்கு வரும் ஐந்து பெண்கள், இவ்வளவுதான். நூல் சிட்டத்தில், அதாவது சுற்றி முடிந்த நூல் கட்டில், கட்டிவிடும் அட்டையை முழுக்கத் தமிழில் அச்சிட எண்ணியபோது ஒரே ஒரு சொல்லுக்காக வேலை நின்றுபோனது. அதைச் சென்ற வாரம் குழுவில் கேட்டிருந்தேன். பலரும் அன்புடன் பரிந்துரை அனுப்பினீர்கள். ஆனால் நான் பொருளைச் சரியாக விளக்காமலே சொல்லைக் கேட்டுவிட்டதாக இப்போது தோன்றுவதால், முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரே பானையில், ஒரே சாற்றில், ஒரே நேரத்தில் சாயம் ஏறிய நூல் அவ்வளவையும் சேர்த்துக் குறிக்க ஒரு சொல் வேண்டும். ஆலைக்காரர்களும் நூல் வியாபாரிகளும் இதை ‘லாட்’ என்கிறார்கள். மறுநாள் அதே நூலை, அதே வேரை, அதே பானையில் போட்டாலும் அது வேறு லாட்.

இந்த வேறுபாடு எனக்குப் புரிந்தது ஒரு நட்டத்தால்தான். பரமக்குடி நெசவாளர் ஒருவர் ஆறு சேலைக்கான ஊடை நூலை, அதாவது தறியில் குறுக்கே ஓடும் நூலை, சாயவேர்ச் சிவப்பில் கேட்டிருந்தார். எங்கள் பானை ஒரு கிலோவுக்கு மேல் கொள்ளாது என்பதால் இரண்டு முறையாகக் காய்ச்சினோம். ஒவ்வொரு கிலோவுக்கும் கடுக்காய் 200 கிராம், படிக்காரம் 150 கிராம், வேர்த்தூள் நூலின் எடைக்குச் சமமாக. தராசில் ஒரு பிழையும் இல்லை. முதல் முறைக்குப் போர் தண்ணீர் ஊற்றினோம். அடுத்த முறைக்குள் கார்த்திகை மழையில் ஊருணி நிறைந்துவிட்டது. நல்ல தண்ணீர் கிடைக்கிறதே என்ற மகிழ்ச்சியில் அதை மொண்டு ஊற்றினோம். வேரில் உள்ள அலிசரின் என்ற சிவப்புச் சாயப்பொருள், படிக்காரத்தின் அலுமினியத்தோடு தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் சேர்த்துக்கொண்டால்தான் அந்த அடர்ந்த சிவப்பைத் தரும். போர் தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தது, மழைத் தண்ணீரில் இல்லை. ஈரமாக இருந்தவரை இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. காய்ந்த பிறகும் தனித்தனியாகப் பார்த்தபோது எங்களில் எவருக்கும் ஐயம் வரவில்லை. தறியில் ஏறி, நான்காம் சேலையில் முந்தானைக்கு இரண்டு முழம் முன்னால் நூல் மாறிய இடத்தில், கோடு கிழித்ததுபோல் செங்கல் நிறம் தொடங்கியிருந்தது. நெசவாளர் கோபித்துக்கொள்ளவில்லை. “இரண்டு லாட் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் இரண்டு ஊடைக்கு ஒருமுறை தறி நாடாவை மாற்றி மாற்றி ஓட்டியிருப்பேன், கண்ணுக்கே தெரிந்திருக்காது” என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைத்தான் தமிழில் தேடுகிறேன்.

‘லாட்’ என்றே எழுதினால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அயற்சொல் என்பதற்காக மட்டும் நான் அதை ஒதுக்கவில்லை. பட்டறையில் நாள் முழுக்க ‘பக்கெட்’ என்றும் ‘பைப்’ என்றும்தான் பேசுகிறேன். என் தயக்கம் வேறு. 1868-இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் கிரேபேயும் லீபர்மானும் அலிசரினைச் செயற்கையாக ஆக்கிக் காட்டியபின், வேரைத் தோண்டி உலர்த்தி இடித்த காலம் போய், பொடியை நிறுத்துப் போடும் காலம் வந்தது. பொடி மாறாது, ஆலையில் தண்ணீரையும் பக்குவம் செய்துவிடுவார்கள், ஆகவே லாட்டுக்கு லாட் வேறுபாடு அங்கே சிறியது. அது பெரும்பாலும் இருப்புக் கணக்குக்கான எண். எங்களுக்கோ வேரின் வயது, மண், தண்ணீர், அடுப்பின் சூடு என எல்லாம் அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கின்றன. வாங்குகிறவர் அதைப் படித்தவுடன் “இது தனியாகச் சமைத்தது” என்று உணர வேண்டும்.

அதிகம் பேர் பரிந்துரைத்த சொல் ‘தொகுதி’. அகராதிப் பொருள் சரிதான். ஆனால் அட்டையில் எழுதிப் பாருங்கள்: ‘நூல் தொகுதி 3’. எவரும் மூன்றாவது புத்தகம் என்றுதான் படிப்பார். நூல் என்ற சொல் நமக்குச் செய்துவரும் பழைய குறும்பு இது. ‘இராமநாதபுரம் தொகுதி’ என்று போட்டால் தேர்தல் நினைவு வந்துவிடும். ‘சாயத்தொகை’ என்பதைப் படித்த எங்கள் பெண்களில் ஒருவர், சாயத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா என்று கேட்டார். ‘வார்ப்பு’ அழகான சொல், ஆனால் அது உலோகத்துக்கும் கான்கிரீட்டுக்கும் போய்விட்டது. வெறும் ‘எண்’ என்று எழுதவும் முடியாது, நூலுக்கு ஏற்கனவே ஓர் எண் உண்டு. 840 கெஜ நூல் கொண்ட கழி (சிட்டம்), ஒரு பவுண்டுக்கு 40 நின்றால் அது 40-ஆம் நம்பர் நூல். நெசவாளர் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.

இந்தக் குழப்பத்தோடு ஒரு நாள் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது, உலர்த்திய சிட்டங்களைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்த மூத்த பெண்மணி ஒருவர், “மொத ஈடு நல்லாச் செவந்துச்சு, ரெண்டாம் ஈடுதான் வெளுத்துப் போச்சு” என்றார். இட்லிக்குச் சொல்கிற அதே ஈடு. கொப்பரையில் ஒருமுறை ஊற்றி, மூடி, வெந்து எடுப்பது ஓர் ஈடு. பிறகு மாவு அதேதான் என்றாலும் அடுத்தது அடுத்த ஈடு. முதல் ஈடு கல்லாகவும் இரண்டாம் ஈடு பஞ்சாகவும் வருவதைப் பார்க்காத வீடு ஏது? ஒரே பொருள், ஒரே கலம், ஒரே வேக்காடு, ஆனால் அடுத்தமுறை அப்படியே வரும் என்ற உறுதி இல்லை என்ற எல்லாமும் அந்தச் சொல்லில் இருக்கின்றன. நான் பல வாரங்களாக ஆக்க முயன்ற சொல்லை அவர்கள் முன்பே வழங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள், என் காதில்தான் விழவில்லை.

ஆகவே என் முன்மொழிவு ‘ஈடு’. இதில் எனக்கு இரண்டு இடர்ப்பாடுகள் தெரிகின்றன. முதலாவது, சாயம் என்பதோடு சேர்த்தால் மகர மெய் கெட்டு, வகர உடம்படுமெய் வந்து, ‘சாயவீடு’ ஆகிவிடும். எந்த ஊரில் இருக்கிறது அந்த வீடு என்று கேட்பார்கள். தோய் என்னும் வினையோடு சேர்த்துத் ‘தோயீடு’ என்று எழுதிப் பார்த்தேன். காதுக்கு நன்றாக இருந்தாலும் மதிப்பீடு, வெளியீடு, முறையீடு என்ற வரிசையில் அது தோய்க்கும் செயலைக் குறித்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். இரண்டாவது, ஈடு என்றால் அடமானம், இழப்புக்குக் கொடுப்பது, சமம் என்ற பொருள்களும் உண்டு. ‘ஈடு 14’ என்று அட்டையில் கண்டவர், சாயம் போனால் 14 ரூபாய் திருப்பித் தருவீர்களா என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

தமிழ் இலக்கணம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

அன்புடன்,
கடற்கரைச் சாயக்காரி

மறுமொழி:

அம்மையீர்,

நான் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். சாயத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இட்லியைப் பற்றித் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

தங்கள் முதல் அச்சத்தில் பாதியை விட்டுவிடலாம். படு என்பது பாடு ஆவதுபோல, கெடு என்பது கேடு ஆவதுபோல, இடு என்பது முதல் நீண்டு ஈடு ஆகும். இட்லி ஈடும் மதிப்பீட்டில் உள்ள ஈடும் ஒரே வேரிலிருந்து வந்தவையே. இடுகிற செயலும் ஈடுதான், ஒருமுறை இடப்பட்ட அளவும் ஈடுதான். ஆயினும் ‘தோயீடு’ வேண்டாம் என்பதே என் கருத்தும். புழங்குகிற சொல் ஒன்று கையில் இருக்கும்போது அதற்கு முன்னொட்டுச் சேர்த்துப் புதிதாகக் காட்ட வேண்டிய தேவை இல்லை. அட்டை நூலின் மேல் தொங்குகிறது, நூலுக்கு நிறம் இருக்கிறது. சாயம் என்ற சொல்லை அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை.

தாங்கள் கவனிக்காத ஒன்று உண்டு. ஈடு என்பது வேற்றுமை ஏற்கும்போது டகரம் இரட்டித்து ஈட்டில், ஈட்டுக்கு என்று வரும். அதே முறையில் எண்ணோடு சேர்ந்தால் ‘ஈட்டெண்’. பதிவெண், கதவெண் போல் ஒரே சொல்லாக நிற்கும், நூல் நம்பரோடு குழம்பாது, அடமானம் என்ற நினைவும் எழாது. ஒரே பானையில் ஏறிய நூலை ‘ஓரீட்டு நூல்’ என்னலாம். கட்டுரையில் எழுதும்போது ‘சாய ஈடு’ என்று இடம்விட்டு எழுதுங்கள். அச்சில் பொருள் மயங்கும் இடத்தில் புணர்ச்சியைப் பிரித்து எழுதுவது வழக்கில் உள்ளதே. சம்பாதித்தலைக் குறிக்கும் ஈட்டு என்ற வினையை ஒருவர் நினைக்கலாம். சிறு வணிகத்துக்கு அது கெட்ட நினைவு அன்று.

எனக்கு ஓர் ஐயம். அவுரித் தொட்டி நாள்கணக்கில் புளித்துக்கொண்டே இருக்கும், அதில் ஒரே சிட்டத்தைப் பலமுறை முக்கி எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒருமுறை இட்டு ஒருமுறை எடுப்பதுதான் ஈடு என்றால் நீலத்துக்கு இச்சொல் பொருந்துமா?

மறுமொழிக்கு மறுமொழி:

ஐயா அவர்களுக்கு,

ஈட்டெண் என்பதை நேற்று அட்டையில் கையால் எழுதிப் பார்த்தேன். இடம் அடைக்கவில்லை, பெண்கள் ஐவரும் தடையின்றிப் படித்தார்கள். மிக்க நன்றி.

தங்கள் ஐயம் நியாயமானது. சிவப்பில் நிறத்தின் ஆழம் பானையைப் பொறுத்தது, நீலத்தில் அது எத்தனை முறை முக்கினோம் என்பதையும் பொறுத்தது. தொட்டியிலிருந்து எடுக்கும்போது நூல் பச்சையாக இருக்கும், காற்றுப் பட்டுப் பட்டுக் கண்ணெதிரே நீலமாக மாறும், பிறகு மறுபடி உள்ளே போகும். ஒவ்வொரு முறையையும் நாங்கள் ‘முக்கு’ என்றே சொல்கிறோம். மூன்று முக்கில் வெளிர்நீலம், எட்டு முக்கில் கருநீலம் என்பது எங்கள் தொட்டியின் கணக்கு. ஆனால் புதுத் தொட்டியில் ஐந்து முக்கில் வந்த நிறம், சோர்ந்துபோன தொட்டியில் ஏழு முக்கிலும் வராது. ஆகவே தொட்டி பல நாள் நீடித்தாலும், ஒரே நாளில் சேர்ந்து இறங்கி, ஒரே எண்ணிக்கை முக்கி, சேர்ந்து அலசிய நூலை ஓர் ஈடாகக் கொள்கிறேன். நீல அட்டையில் மட்டும் ‘முக்கு’ என்று ஒரு வரி கூடுதலாக இருக்கும். பனையோலைக்கும் இதே ஈடு பொருந்துகிறது, ஓலைப் பெட்டி முடைகிறவர்களுக்குப் பட்டை பட்டையாக நிறம் மாறுவது சில வேளை பிடித்தும் இருக்கிறது.

சிவப்பு எடுத்தபின் பானையில் எஞ்சும் சாற்றில் மறுபடி நூலைப் போட்டால் இளஞ்சிவப்பு வரும். அந்த எஞ்சிய சாற்றை எங்கள் பெண்கள் தேங்காய்ப் பாலை நினைத்து ‘ரெண்டாம் பால்’ என்கிறார்கள். அதைக் கலைச்சொல்லாக ஏற்கலாமா என்பதைத் தனி மடலில் கேட்கிறேன், இங்கே இழையைக் கலைக்க வேண்டாம்.

இதுவரை போட்ட ஈடுகளை என் குறிப்பேட்டில் எண்ணிப் பார்த்ததில் 30 வந்தது. அட்டை இவ்வாறு அச்சுக்குப் போகிறது:

பருத்தி நூல், 40-ஆம் நம்பர்
சாயவேர், கடுக்காய், படிக்காரம்
போர் தண்ணீர்
ஈட்டெண் 31
ஒரு சேலைக்கு ஓரீட்டு நூலையே வாங்குங்கள். இரண்டு ஈடு கலந்தால் ஊடையை மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.