அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் கோச்சாக இருந்த பேட் சம்மிட்டை நேரில் பார்த்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

முன்னாள் டி.ஏ.:
2005 வாக்கில் நாக்ஸ்வில்லில், டென்னசி பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்தேன். கைச்செலவுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வகுப்பில் டி.ஏ. வேலை, அதாவது பாடம் நடத்துபவருக்கு உதவியாளர். முதல் நாள் ஆறடிக்கு மேல் உயரமான இரண்டு பெண்கள் வந்து நேராக முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் போர்டு தெரியாமல் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது: கூடைப்பந்து அணிப் பெண்கள் வகுப்புக்கு மட்டம் போடக் கூடாது, முதல் மூன்று வரிசைக்குள்தான் உட்கார வேண்டும். கோச் போட்ட சட்டம். அதில் ஒருத்தி ஒருநாள் பிராக்டிஸ் முடிந்த கையோடு, முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு சந்தேகம் கேட்க வந்தாள். நோட்டெல்லாம் தண்ணீர் சொட்டியது. கணக்கு புரியும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

டிவியில் கோச்சின் முறைப்பை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரியாது. 38 சீசனில், அவரிடம் கல்லூரியின் கடைசி வருடம்வரை ஆடிய அத்தனை பேரும் பட்டம் வாங்கினார்கள். 8 தேசிய சாம்பியன்ஷிப்பைவிட இதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன்.

நாக்ஸ்வில் வாசி:
அண்ணா சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி அந்தக் காலத்திலிருந்தே அணியின் ரசிகை. 1974இல் பொறுப்பேற்றபோது கோச்சுக்கு வயது 22, மாதம் 250 டாலர் சம்பளம். அணியின் சீருடையைத் துவைத்ததும் வேனை ஓட்டியதும் அவரேதான். முதல் ஆட்டத்தில் ஒரே புள்ளியில் தோல்வி! 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆடி வெள்ளி வாங்கினார், 1984இல் அமெரிக்க அணிக்குக் கோச்சாக இருந்து தங்கம் வாங்கித் தந்தார்.

ஓக் ரிட்ஜ் அக்கா:
நான் பார்த்தது கடைசி சீசனில், 2012 தொடக்கத்தில். முந்தைய ஆகஸ்டில்தான் தனக்கு அல்சைமர் என்று அவரே ஊரறியச் சொல்லியிருந்தார். அப்போது வயது 59. எங்கள் அம்மாவுக்கும் அந்த நோய்தான். வீட்டில் யாரும் அதன் பெயரை வாயால் சொல்வதில்லை, 'வயசாச்சு, மறதி' என்று பேச்சை முடித்துவிடுவோம்.

அணி ஆடும் தாம்சன்-போலிங் அரங்கம் முழுக்க அணியின் ஆரஞ்சு நிறம். டைம்-அவுட்டில் ஹாலி வார்லிக் நடுவில் நின்று பெண்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எழுபதுகளில் இதே கோச்சிடம் ஆடியவர், பிறகு பல வருடம் துணைப் பயிற்சியாளர். அந்த சீசனில் பெரும்பாலான பொறுப்பு அவர் கையில்தான். கோச் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பதினையாயிரம், இருபதாயிரம் பேர் பார்க்கிற இடத்தில், நோயோடு வந்து தன் வேலையைச் செய்கிறார். யாரும் பரிதாபமாகப் பார்க்கவில்லை, எழுந்து நின்று கத்தினார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த சீசனோடு 1,098 வெற்றிகளுடன் கோச் ஓய்வு பெற்றார். 2016 ஜூனில், 64 வயதில் போய்விட்டார்.

அந்த ஆட்டம் முடிந்த அன்றே மதுரைக்குப் போன் போட்டு, "இனிமேல் யார் கேட்டாலும் அம்மாவுக்கு அல்சைமர்னு சொல்லிடு" என்று தங்கையிடம் சொன்னேன். விஷயம் தெரிந்ததும் எதிர்வீட்டு மதினி தினமும் சாயங்காலம் வந்து அம்மாவோடு உட்கார ஆரம்பித்தார். தங்கைக்கு ஒரு மணி நேரமாவது வெளியே போய்வர முடிந்தது.