மறு: ‘சுயநலச் சார்பு’ பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வெற்றிக்குத் தன்னையும் தோல்விக்குப் பிறவற்றையும் காரணமாகக் காணும் ‘செல்ஃப் சர்விங் பயஸ்’ என்பதற்கு, நம் கலைச்சொல் பட்டியலுக்காக நேற்று முன்மொழியப்பட்ட ‘சுயநலச் சார்பு’ என்ற சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அதன் இரண்டு பாதியிலும் சிக்கல் இருக்கிறது.

முதலில் சுயநலம். நல்ல மதிப்பெண் வந்தால் ‘ராப்பகலா படிச்சேன்’. குறைந்தால் ‘பாடத்துல இல்லாததைக் கேட்டுட்டாங்க’. இப்படிச் சொல்லும் பிள்ளை யாரையும் ஏமாற்றவில்லை, அப்படித்தான் நம்புகிறது. சுயநலம் என்றதும் பழி குணத்தின் மேல் விழுந்துவிடுகிறது. 2004-இல் உளவியலாளர் மெசுலிசும் உடன் ஆய்வாளர்களும் இந்த மனப்போக்கைப் பற்றிய 266 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இந்தப் போக்கின் வலுவைக் காட்டும் சராசரி அளவு 0.96 (போக்கே இல்லையென்றால் 0), உளவியலில் இது மிகப் பெரியது. அமெரிக்கர்களிடம் 1.05, ஆசிய மாதிரிகளில் 0.30. மனச்சோர்வு உள்ளவர்களிடம் 0.21தான். இந்தக் கடைசி எண்ணை நினைத்துப் பாருங்கள். மனச்சோர்வில் தவிப்பவரிடம் ‘சுயநலச் சார்பு குறைவு’ என்று பாடநூலில் எழுதினால், படிக்கிறவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார். நோயின் அடையாளத்தை நற்குணமாகக் காட்டும் சொல் நமக்கு வேண்டாம்.

அடுத்து, சார்பு. கணக்குப் பாடத்தில் அதற்கு வேறு வேலை இருக்கிறது, அங்கே ‘ஃபங்ஷன்’ என்பதற்கான சொல் அது. ‘தற்சார்பு’ என்று சுருக்கினாலோ, பிறர் கையை எதிர்பாராத வாழ்க்கை என்று பொருள் மாறிவிடும். அதைவிடச் ‘சாய்வு’ மேல். மொட்டைமாடியில் தண்ணீர் தேங்காமல் ஓடக் கொத்தனார் வாட்டம் விடுவாரே, அதுபோலத்தான் இதுவும்: யாரும் தள்ளாமலே ஒரு பக்கம் ஓடுகிறது. மூளை ஆய்வுகளும் இதற்கு ஒத்துப்போகின்றன. 2003-இல் பிளாக்வுட் குழுவினர் மூளையின் இயக்கத்தைப் படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவியில் பார்த்தபோது, தனக்கு ஏற்ற காரணங்களைத் தேர்ந்த நேரத்தில் மூளையில் வெகுமதியோடு தொடர்புடைய காடேட் என்ற பகுதி கூடுதலாக இயங்கியது. 2008-இல் குருசெமார்க் குழுவினர் மூளை மின்னலைகளை அளந்தார்கள். தோல்விக்கு ‘நானே காரணம்’ என்று ஒப்பும்போதுதான் முன்மூளையின் நடுப்பகுதி கூடுதலாக உழைத்தது. வாட்டத்துக்கு எதிராக ஏறத்தான் முயற்சி வேண்டியிருக்கிறது.

குறளில் இதற்கு அழகான வேர் உண்டு. 118-இல் ‘ஒருபால் கோடாமை’ (ஒரு பக்கமாக வளையாமை), 119-இல் ‘உட்கோட்டம்’ (மனத்தின் வளைவு). ஒருபால் கோடுவது போல இது தன்பால் கோடுவது. எனவே என் முன்மொழிவு: தன்பாற்கோட்டம்.

---

> எனவே என் முன்மொழிவு: தன்பாற்கோட்டம்.

ஐயா, வணக்கம். உட்கோட்டத்தைப் படித்ததும் மகிழ்ந்துபோனேன். ஆனால் ‘தன்பால்’ இன்று தன்பாலீர்ப்பு என்ற சொல்லோடு ஒட்டிவிட்டது. மனநல ஆலோசனைக்கு வருகிறவரிடம் இச்சொல்லைச் சொன்னால் அவர் வேறு எதையோ நினைத்துக் கலங்குவார். கோட்டம் என்றாலும் மின்வாரியக் கோட்டம்தான் நினைவுக்கு வரும்.

‘தன்பக்கச் சாய்வு’ என்றும் யோசித்தேன். அதை ‘மைசைட் பயஸ்’ என்பதற்கு ஒதுக்கிவைக்க வேண்டும். தன் கருத்துக்கு ஒத்த சான்றுகளையே பெரிதாக எடைபோடுவது அது. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் மாணவர்கள் திண்டாடுவார்கள்.

ஊரில் எப்படிச் சொல்கிறோம்? ‘எல்லாத்தையும் தனக்குச் சாதகமா திருப்பிக்கிறான்.’ அதையே எடுத்துக்கொண்டால் என்ன? தற்சாதகச் சாய்வு.

---

அம்மா, தன்பாலீர்ப்பை நான் யோசிக்கவே இல்லை. என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ‘சாதகம்’ வடசொல் என்ற உறுத்தல் எனக்கு உண்டு. ஆனாலும் கேட்டவுடன் புரிகிறது, வெற்றி தோல்வி இரண்டுக்கும் பொருந்துகிறது.

பொருளியலாரும் இந்த ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள், அவர்கள் பயன்பாட்டையும் இது தாங்குமா என்று பார்த்தேன். பாப்காக், லோவன்ஸ்டைன் முதலியோர் 1995-இல் வெளியிட்ட சோதனையில், டெக்சஸ் விபத்து வழக்கு ஒன்றின் ஆவணங்களைக் கொடுத்துப் பேரம் பேசவைத்தார்கள். நீ வாதி, நீ பிரதிவாதி என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் படிக்கவைத்தால் 28 விழுக்காடு பேரங்கள் முறிந்தன. படித்த பிறகு சொன்னால் 6 விழுக்காடுதான். பக்கம் தெரிந்த கண், ஒரே காகிதத்தில் தனக்குச் சாதகமானதையே பொறுக்குகிறது. தாங்குகிறது.

எல்லையையும் குறித்துவிடுவோம். 1979-இல் ராஸ், சிக்கோலி இருவரும் கணவன் மனைவியரிடம் வீட்டு வேலைகளில் அவரவர் பங்கைக் கேட்டபோது, இருவர் கணக்கையும் கூட்டினால் நூறு விழுக்காட்டைத் தாண்டியது. ஆனால் சண்டையைத் தொடங்குவது போன்ற கெட்டவற்றிலும் அவர்கள் தம் பங்கைக் கூட்டியே சொன்னார்கள். அங்கே சாதகம் இல்லை. தாம் செய்தது எளிதில் நினைவுக்கு வருகிறது, அவ்வளவே. அதற்குத் தன்னை மையமாக வைத்துப் பார்ப்பது என்ற பொருளில் ‘தன்மையச் சாய்வு’ போதும்.

பட்டியலுக்கான வரைவு:

தற்சாதகச் சாய்வு – வெற்றிக்குத் தன் திறனையும் முயற்சியையும், தோல்விக்குச் சூழலையும் பிறரையும் காரணமாகக் காணும் மனப்போக்கு. பெரும்பாலும் தானறியாமல் நிகழ்வது.

இலங்கை நண்பர்கள் ‘பக்கச்சார்பு’ என்று எழுதிப் பழகியவர்கள். ‘சாய்வு’ உங்கள் காதுக்கு ஒட்டுகிறதா என்று சொன்னால், அதன் பிறகு சேர்க்கிறேன்.