பெர்த் பக்கம் கிராமம் பார்க்க எங்கே போகலாம்?

ஈசூன்வாசி:
அக்டோபரில் அம்மாவோடு ஆஸ்திரேலியாவில் பெர்த் போகிறோம். மன்னார்குடிப் பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவர், கடைத்தெருவெல்லாம் அலுத்துவிட்டது என்கிறார். வயலும் ஊர்மக்களும் பார்க்க இரண்டு நாள் இருக்கிறது.

பீடோக் செல்வி:
குலினுக்குப் போங்கள். பெர்த்திலிருந்து சுமார் 280 கிலோமீட்டர், வழியெல்லாம் கோதுமை. ஊருக்கு வெளியே சாலையோரம் தகரக் குதிரைகள் நிற்கும். பழைய டிரம், இரும்புத் துண்டுகளை வைத்து அங்குள்ள விவசாயக் குடும்பங்களே செய்தவை. அக்டோபர் தொடக்கத்தில் நடக்கும் குதிரைப் பந்தயத்துக்காக ஆரம்பித்த வேலை அது. பந்தயத்தை ஊரே சேர்ந்து நடத்துகிறது, தேதியைப் பார்த்து டிக்கெட் எடுங்கள். நாங்கள் போனபோது கடையில் ஒரு பாட்டி, அந்த வருடம் எவ்வளவு மழை என்று என் மாமியாருக்கு விரலால் காட்டினார். பாஷை தெரியாமலே இருவரும் கால்மணி நேரம் பேசினார்கள். எனக்கு அந்தப் பயணத்தில் அதுதான் பெரிது.

உட்லண்ட்ஸ் ரவி:
குலினிலிருந்து ஹைடன் என்ற ஊர் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அங்கே பார்க்க வேண்டியது அலை மாதிரி வளைந்த கருங்கல் பாறை, 15 மீட்டர் உயரம், 110 மீட்டர் நீளம். மேலே ஒரு தாழ்வான சுவர் இருக்கும். பாறையில் விழும் மழைநீரை ஊருக்காக நீர்த்தேக்கத்துக்குத் திருப்பக் கட்டியது, அம்மாவிடம் காட்டுங்கள். இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள், கங்காரு குறுக்கே பாயும்.

ஈசூன்வாசி:
நன்றி செல்வி அக்கா, ரவி அண்ணே. தகரக் குதிரை என்றதும் அம்மா, “ஐயனார் கோயில் குதிரை மாதிரியா?” என்று கேட்டார். குலினில் ஒரு இரவு தங்குகிறோம்.