வில்லுப்பாட்டு வீடியோவில் ‘உஸ்’ இரைச்சல்: என்ன செய்யலாம்?

புளியரைக்காரன்:
எங்கள் ஊர்க் கொடையில் வில்லுப்பாட்டைக் கேனான் 600டி கேமராவில் எடுக்கிறேன். வெளி மைக் நேராகக் கேமராவில்தான். குடத்தில் ஓங்கி ஒரு அடி விழுந்தால் பாட்டு அமுங்கிவிடுகிறது. புலவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் ‘உஸ்’ஸென்று இரைச்சல் ஏறி வருகிறது. மைக்கை மாற்றணுமா அண்ணாச்சி?

தென்மலை ஸ்டுடியோ:
மைக் பாவம், அதை விடுங்க தம்பி. இது ஆட்டோ கெயின் (சத்தம் கூடினால் பதிவளவைத் தானே குறைத்து, குறைந்தால் ஏற்றும் வசதி) பண்ணுகிற கூத்து. மெனுவில் ஒலிப்பதிவை மேனுவலுக்கு மாற்றி, அளவைப் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே மட்டும் வையுங்கள். இரைவது கேமராவின் ப்ரீஆம்ப், அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் பகுதி. அதற்கு வேலை குறைந்தால் இரைச்சலும் குறையும். மைக்கில் +20 டெசிபல் பூஸ்ட் (மைக்கிலேயே ஒலியைக் கூட்டும் வசதி) இருந்தால் அதைப் போடுங்கள். குடம் அடிக்கும்போது கேமராவின் ஒலி மீட்டர் −12 டெசிபல் பக்கம் நின்றால் போதும்.

கம்பிளி மைக்:
மைக்செட்காரர் மிக்சரிலிருந்து லைன் அவுட் (ஒலி வெளியே வரும் இணைப்பு) கேட்டு வாங்குங்கள். நேரே கேமராவில் செருகினால் ஒலி உடைந்துவிடும், நடுவில் ஒலியளவைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் கேபிள் வேண்டும். என்னைக் கேட்டால் தனி ரெக்கார்டரே மேல். 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள், கேமரா ஒலி ஒத்துப் பார்க்க மட்டும். 600டி-யில் 4 ஜிபி ஆனதும், ஏறக்குறைய 12 நிமிடத்தில், பதிவு நின்றுவிடும். ஒவ்வொரு துண்டையும் ஜால்ரா தட்டும் இடத்தில் பொருத்திக்கொள்ளலாம்.

புளியரைக்காரன்:
மேனுவலில் வைத்துப் பார்த்தேன், பாதி இரைச்சல் போச்சு! ஆனால் ஆரியங்காவுக் கணவாய்க் காற்று மைக்கில் அறைந்தால் என்ன செய்ய?

தென்மலை ஸ்டுடியோ:
சாரல் காலத்தில் மைக்கின் பஞ்சு உறை தாங்காது. காற்றைத் தடுக்கும் முடி உறை வாங்குங்கள்.