‘ரூப்ரிக்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்: ‘படிகாட்டி’

அன்புள்ள குழுமத்தார்க்கு வணக்கம்.

பிள்ளைகளின் படைப்புக்கு எதைப் பார்த்து எவ்வளவு மதிப்பெண் இடுவது என்பதை முன்கூட்டி எழுதிவைக்கும் அட்டவணையான ‘ரூப்ரிக்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று சென்ற மாதம் நான் கேட்டிருந்தேன். பரிந்துரை அனுப்பிய அனைவருக்கும் நன்றி. ஒவ்வொரு சொல்லையும் வகுப்பில் வைத்துப் பார்த்த பிறகே எழுத வேண்டும் என்று காத்திருந்ததால் பதில் தாமதமாகிவிட்டது, பொறுத்தருள்க.

இந்தச் சொல்லின் தேவை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூரு அல்சூரில் ஏரிக்கு அருகே சனிக்கிழமைதோறும் நாங்கள் ஆறு பேர் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறோம். வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் பேசி வளரும் பிள்ளைகள் இவர்கள். 2020இல் ஊரடங்கின்போது வகுப்பை இணையத்துக்கு மாற்றினோம். பின்னர் நேரடி வகுப்பு திரும்பிய போதும் ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி போன்ற தொலைவான பகுதிகளின் பிள்ளைகள் திரைவழியாகவே தொடர்கிறார்கள். அவர்கள் கட்டுரையைப் படமெடுத்தும் கதையைக் குரலாகப் பதிந்தும் அனுப்புவார்கள். நாங்கள் மதிப்பெண் இட்டுத் திருப்பி அனுப்புவோம்.

‘எங்கள் தெரு’ என்ற தலைப்பில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுதிய அரைப் பக்கத்தை ஆறு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் திருத்திப் பார்ப்பது என்று ஒருமுறை முடிவு செய்தோம். பத்துக்கு நான்கில் தொடங்கி எட்டு வரை மதிப்பெண்கள் வந்தன. ‘மழை வந்தால் எங்கள் தெருவில் ஸ்வல்ப நேரம் தண்ணீர் நிற்கும்’ என்று அவள் எழுதியிருந்தாள். ‘ஸ்வல்ப’ என்ற கன்னடச் சொல்லுக்காக ஒருவர் இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தார்; இன்னொருவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை; மூன்றாமவர், தெருவில் தேங்கும் நீரைத் தன் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறாள் என்று மதிப்பெண் கூட்டியிருந்தார். மூவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நியாயங்களில் எது எவ்வளவு எடை பெறும் என்பதை நாங்கள் முன்கூட்டிப் பேசிக்கொள்ளவே இல்லை. அப்படிப் பேசி எழுதிவைக்கும் அட்டவணைக்குத்தான் ஆங்கிலத்தில் ரூப்ரிக் என்று பெயர்.

அதில் மூன்று உறுப்புகள் இருக்கின்றன. எவற்றைப் பார்க்கிறோம் என்பது ஒன்று: கருத்து, கோவை (கருத்துகள் ஒன்றோடொன்று தொடர்ந்து வரும் முறை), சொல்வளம், எழுத்துப்பிழை போன்ற கூறுகள். ஒவ்வொரு கூறிலும் மூன்று முதல் ஐந்து வரையான நிலைகள் இரண்டாவது. மூன்றாவதே உயிரானது: ஒவ்வொரு நிலையிலும் பிள்ளையின் படைப்பு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லும் விவரம். ‘நன்று’, ‘மிக நன்று’ என்று எழுதினால் அது விவரம் ஆகாது. ‘நிகழ்ச்சிகளை நடந்த வரிசையில் சொல்கிறார், ஆனால் ஒன்றிலிருந்து அடுத்தது எப்படி வந்தது என்பதைக் கேட்பவரே ஊகிக்க வேண்டியிருக்கிறது’ என்று எழுதினால், அதைப் படிக்கும் பிள்ளைக்கு அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்பது புலப்படும். நேரடி வகுப்பில் ஆசிரியரின் தலையசைப்பும் குரலின் ஏற்ற இறக்கமும் இந்த வேலையில் பாதியைச் செய்துவிடுகின்றன. இணையத்தில் பிள்ளையிடம் போய்ச் சேர்வது ‘6/10’ என்ற எண் மட்டுமே. எனவேதான் திரைவழி வகுப்புக்கு இந்த அட்டவணை மிகவும் வேண்டியதாகிறது.

இனிப் பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

‘மதிப்பீட்டு அளவுகோல்’ என்பதைப் பலரும் சொல்லியிருந்தீர்கள். அளவுகோல் என்ற சொல் ஏற்கெனவே நாம் பார்க்கும் கூறு ஒவ்வொன்றையும் குறிக்கப் பயன்பட்டு வருகிறது. உறுப்பின் பெயரை முழுமைக்கும் வைத்தால், ‘இந்த அளவுகோலில் நான்கு அளவுகோல்கள் உள்ளன’ என்று எழுத நேரிடும். ‘விடைக்குறிப்பு’ என்பது சரியான விடை இன்னது என்று ஆசிரியருக்குச் சொல்வது. கட்டுரைக்கும் கதைக்கும் அப்படி ஒற்றை விடை கிடையாது. ‘சரிபார்ப்புப் பட்டியல்’ உண்டா இல்லையா என்பதை மட்டும் கேட்கும். எவ்வளவு, எப்படி என்பதைக் கேட்காது. இணையவழிக் கற்பித்தலுக்குப் பயன்படும் மூடுல் மென்பொருளில் ரூப்ரிக் ஒரு முறையாகவும், கூறுகளையும் உச்ச மதிப்பெண்ணையும் மட்டும் கொடுத்து மதிப்பெண்ணை ஆசிரியரே முடிவு செய்யும் திருத்தல் வழிகாட்டி வேறொரு முறையாகவும் அடுத்தடுத்து நிற்கின்றன. தமிழாக்கும்போது இரண்டுக்கும் ஒரே சொல் வந்துவிடக் கூடாது.

சேலத்து நண்பர் வேர்ச்சொல்லைத் தேடிப் போய்ச் ‘செங்குறிப்பு’ என்று ஆக்கியிருந்தார். ரூப்ரிக் என்பது செங்காவியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பதும், பழைய கையெழுத்துச் சுவடிகளில் தலைப்புகளையும் வழிபாட்டுக்குரிய நெறிமுறைகளையும் சிவப்பு மையில் எழுதிய வழக்கமே அதற்குக் காரணம் என்பதும் உண்மைதான். ஆனால் நம் பிள்ளைகளுக்குச் சிவப்பு மை என்றால் அடித்தலும் சுழித்தலும்தான். தவறைச் சுட்டும் நிறத்தை, வளர்ச்சியைச் சுட்ட வேண்டிய கருவியின் பெயரில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. சொல் பிறந்த ஊரின் வரலாறு நமக்கு இல்லாதபோது, அதன் வேரைப் பெயர்த்துக்கொண்டு வந்து நடுவதால் பயன் குறைவு.

‘ரூப்ரிக்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்றும் இருவர் எழுதியிருந்தீர்கள். கடன்சொல்லை நான் வெறுப்பவன் அல்லன். ஆயினும் எங்கள் வகுப்புத் தாய்மார் இருவர் அதை ‘ரூபிக்’ என்ற பல வண்ணக் கனசதுரப் புதிரின் பெயராகவே எடுத்துக்கொண்டார்கள். சொல்லைக் கேட்டதும் பொருளில் ஒரு பகுதியாவது தெரிந்தால், விளக்கிச் சொல்லும் வேலை எங்களுக்குப் பாதியாகக் குறையும்.

அடுத்து ‘உரைகல்’, அதாவது பொன்னை உரைத்துத் தரம் பார்க்கும் கல்; கட்டளைக் கல் என்பதும் அதுவே. இதில்தான் நான் நெடுநாள் தங்கிவிட்டேன். ‘பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்’ என்ற 505ஆம் குறள் மதிப்பீட்டைப் பற்றியே பேசுகிறது: ஆளைப் பார்க்காதே, செய்ததைப் பார் என்கிறது. எந்த ஆசிரியரின் அறையிலும் எழுதிவைக்கத் தக்க வரி. ஆனால் உரைகல்லின் வேலையை நேரில் பார்க்க நகரத்பேட்டையில் ஒரு பொற்கொல்லரிடம் போனபோது, கல் மட்டும் மாற்றை, அதாவது பொன்னின் தரத்தை, சொல்லிவிடாது என்பது தெரிந்தது. ‘ஒரெகல்லு’ என்று கன்னடத்தில் அவர் சொன்ன அந்தக் கறுப்புக் கல்லில் நகையை ஒரு கோடு உரைத்தார். அதன் பக்கத்தில், மாற்றுத் தெரிந்த சிறு ஆணிகளை ஒவ்வொன்றாக உரைத்து, எந்தக் கோடு நகையின் கோட்டோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தார். அந்த ஆணிக்குத் தமிழில் உரையாணி என்று பெயர் இருக்கிறது.

ரூப்ரிக் செய்வதும் இதே வேலைதான் என்று எனக்குத் தோன்றியது. ஒரு நகையை இன்னொரு நகையோடு ஒப்பிடுவதில்லை. முன்பே தரம் நிலைநிறுத்தப்பட்ட ஆணியோடுதான் ஒப்பிடுகிறோம். அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ராபர்ட் கிளேசர் 1963இல் கற்றலை அளப்பது பற்றி எழுதியபோது பிரித்துக்காட்டிய வேறுபாடும் இதுவே: ஒரு மாணவரை மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்துவது ஒன்று, அடைய வேண்டிய திறனோடு ஒப்பிட்டு அவர் எங்கே நிற்கிறார் என்று சொல்வது மற்றொன்று. வகுப்பில் முதல் இடம் யாருக்கு என்று ஒவ்வொரு வாரமும் கேட்கும் பெற்றோருக்கு இதை விளக்கிச் சொல்லவே நான் பெரும்பாடு படுகிறேன். எனவே ‘உரையாணி’யை எடுத்துக்கொண்டு இரண்டு சனிக்கிழமைகள் வகுப்பில் பயன்படுத்தினேன். பிள்ளைகள் பாதிப்பேர் ‘உறையாணி’ என்று எழுதினார்கள். மற்றவர்கள் உரை என்றதும் உரைநடையையும் உரையாற்றுவதையும் நினைத்தார்கள். ஆணி சுவரில் அடிப்பது. பொற்கொல்லரின் பட்டறையைப் பார்த்தறியாத பிள்ளைக்கு அந்த உவமையில் ஒரு பக்கமும் திறக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த சொல்லை வருத்தத்தோடு கைவிட்டேன்.

அதன் இடத்தில் நான் முன்வைப்பது ‘படிகாட்டி’.

நாள்காட்டி நாட்களைக் கட்டங்களில் வரிசைப்படுத்திக் காட்டும் அட்டவணை. படிகாட்டியும் அவ்வாறே படிகளைக் கட்டங்களில் வரிசைப்படுத்திக் காட்டும் அட்டவணை. ‘வழிகாட்டி’யில் ஒற்று மிகாதது போல இதிலும் மிகாது. படி என்பது ஏறும் படி; நம் பாட்டிமார் அரிசி அளந்த படி; எடைக்கல்லுக்கும் படிக்கல் என்ற பெயர் உண்டு; படி என்றால் கற்றுக்கொள் என்ற ஏவலுமாகும். அளத்தலும் ஏறுதலும் கற்றலும் ஒரு சொல்லில் இப்படிச் சேர்ந்து கிடப்பது மற்ற மொழிகளில் எளிதில் வாய்க்காது என்றே நினைக்கிறேன். இதிலிருந்து பிற சொற்களையும் ஆக்கலாம். கூறு கூறாகப் பிரித்து மதிப்பிடுவது பகுப்புப் படிகாட்டி; படைப்பை முழுதாகப் பார்த்து ஒரே நிலை தருவது முழுமைப் படிகாட்டி; கட்டத்துக்குள் எழுதும் வாசகம் படிவிவரம்.

சொல் சிறியதாக இருப்பதும் முக்கியம். கற்றலின் போக்கில் செய்வது, முடிவில் செய்வது என்று மதிப்பீட்டு அறிஞர் மைக்கேல் ஸ்கிரிவன் 1967இல் பிரித்துப் பெயரிட்ட இருவகை மதிப்பீடுகளுக்குத் தமிழ்நாட்டில் முறையே ‘வளரறி மதிப்பீடு’, ‘தொகுத்தறி மதிப்பீடு’ என்று அழகான சொற்கள் ஆக்கப்பட்டன. 2012–13இல் பள்ளி ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தபோது முன்னதற்கு 40, பின்னதற்கு 60 என்று மதிப்பெண்ணும் பிரிக்கப்பட்டு, அச்சில் எங்கும் அச்சொற்கள் புழங்கின. ‘வளரறி’ என்ற ஆக்கத்தை நான் இன்றும் வியக்கிறேன். வளர வளர அறிவது, வளர்வதற்காக அறிவது என்று இரண்டும் அதற்குள் இருக்கின்றன. ஆனால் ஆசிரியர் அறையில் வாய்க்கு வந்தவை அவற்றின் ஆங்கிலச் சுருக்கங்களான ‘எஃப்.ஏ.’வும் ‘எஸ்.ஏ.’வும்தான். இரண்டு சொற்களாக நீளும் கலைச்சொல்லைப் பேச்சு சுருக்கிவிடும். சுருக்கம் ஆங்கிலத்தில் தயாராக இருந்தால் அதுவே நிலைத்துவிடும். கைப்பேசித் திரையின் பொத்தானில் ‘படிகாட்டி’ அடங்கும். ‘மதிப்பீட்டு நிலைவிளக்க அட்டவணை’ அடங்காது.

மறுப்பு ஒன்றை எங்கள் ஆசிரியர்களில் ஒருவரே எழுப்பினார்: படி என்றால் மேலும் கீழும் உண்டு, கீழ்ப்படியில் நிற்கும் பிள்ளை தன்னைத் தாழ்வாக எண்ணாதா என்று. இது பொருட்படுத்த வேண்டிய மறுப்பு. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தரும் தமிழ்நாட்டின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர் வைத்ததும் இந்தக் கவலையால்தான் இருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். அந்தப் பெயர்களை நிலைகளுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார். நாங்கள் நான்கு நிலைகள் வைத்திருப்பதால் முகையையும் சேர்க்க வேண்டும். மொட்டு முன்னா முகை முன்னா என்று பெரியவர்களுக்கே தடுமாற்றம் வருகிறது. அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. ‘நீ அரும்பு’ என்னும்போது பெயர் பிள்ளையின் மேல் ஒட்டிக்கொள்கிறது. ‘உன் கட்டுரை கோவையில் இரண்டாம் படியில் இருக்கிறது’ என்னும்போது அது படைப்போடு நின்றுவிடுகிறது. ஒரே கட்டுரை சொல்வளத்தில் நான்காம் படியில் இருக்கவும் இடமிருக்கிறது. அந்த ‘ஸ்வல்ப’ எழுதிய சிறுமியின் அரைப் பக்கம் அப்படித்தான் வந்தது: கருத்தில் நான்கு, கோவையில் மூன்று, சொல்வளத்தில் இரண்டு. புதிய அட்டவணையை வைத்து ஆறு பேரும் மீண்டும் திருத்தியபோது எந்தக் கூறிலும் ஒரு படிக்கு மேல் எங்களுக்குள் வேறுபாடு வரவில்லை.

யாழ்ப்பாணத்து அம்மையாரிடம் இரண்டு கேள்விகள். இலங்கையில் கணிப்பீடு (ஆங்கிலத்தில் அசெஸ்மென்ட்) வேறு, மதிப்பீடு (இவாலுவேஷன்) வேறு என்று பிரித்து ஆள்கிறீர்கள். இந்தியாவில் இரண்டையும் மதிப்பீடு என்றே சொல்லிக் குழப்பிக்கொள்கிறோம். படிகாட்டி உங்கள் வழக்கில் எதன் கீழ் வரும்? அங்கே படி என்றதும் பிரதி என்ற பொருள் முந்திக்கொண்டு வருமா? அப்படி வந்தால் ‘படிகாட்டி’யை மாதிரி விடைத்தாள் என்று உங்கள் மாணவர்கள் புரிந்துகொள்ளக்கூடும் என்பதால் கேட்கிறேன்.

‘படிவிவரம்’ என்பதிலும் எனக்கு முழு நிறைவு இல்லை. படிவம் என்று காதில் விழுகிறது. ‘படிவிளக்கம்’ சற்று மேலாகலாம், அல்லது ‘படிக்கூற்று’. வரும் சனிக்கிழமைக்குள் புதிய அட்டவணையை அச்சிட்டும் இணைய வகுப்பில் ஏற்றியும் முடிக்க வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் யாரேனும் நல்ல சொல் தந்தால் அதையே இட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
பெங்களூருவிலிருந்து ஒரு தமிழாசிரியர்