புதுப்பிப்பு: மகளின் மாநில ஒப்படை

தரம் 4 படிக்கும் மகள் ஓர் இந்திய மாநிலம் பற்றி ஒப்படை செய்ய வேண்டும், எதை எடுக்கலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பலர் தமிழ்நாடு என்றீர்கள். அவள் கேரளாவைப் பிடித்துக்கொண்டாள். 1956 நவம்பர் 1 இல் உருவானது, 14 மாவட்டங்கள், மாநிலப் பூ கொன்றை: இதெல்லாம் ஒரு பக்கத்தில் முடிந்தது.

மீதி முழுக்கக் கேரளாவின் குட்டநாடு என்ற பகுதிதான். அங்கே பல வயல்கள் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றன. சுற்றிவர அணை கட்டி, தண்ணீரை வெளியே இறைத்த பிறகுதான் நெல் விதைக்கிறார்கள். இரணைமடுக் குளத்தில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று பார்த்திருக்கும் கிளிநொச்சிப் பிள்ளைக்கு இது பெரிய அதிசயம். "அப்பப்பா, அங்க வயலுக்குள்ள இருந்து தண்ணிய வெளியில விடுவினமாம்!" என்று தாத்தாவிடம் ஓடினாள். படத்தைக் காட்டும்வரை அவர் நம்பவில்லை.

திங்கள் ஒப்படையைக் கொடுக்கிறாள். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.